பன்மொழிச் செவியர்

கா. அப்பாத்துரையாரைப் பன்மொழிப் புலவர் என்றார்கள். பல மொழிகளைக் கற்று, நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிக் குவித்தவர், பட்டம் பொருந்தியது. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இப்போது தலையெடுத்திருக்கும் கூட்டம் வேறு. இவர்கள் எந்த வெளிமொழியிலும் எழுத மாட்டார்கள், பேசவும் மாட்டார்கள். புரிகிறதா என்று விசாரித்தால், "புரியறது அப்பறம் சார்" என்பார்கள். ஸ்வீடிஷ், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் என்று பாட்காஸ்ட் எந்த மொழியில் வந்தாலும் அதற்கு ஒரு காதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வாழ்க்கை, இயற்கை, கலை மூன்றும் அவர்களுக்கு அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன. பன்மொழிச் செவியர் என்று நானாகவே அவர்களுக்குப் பட்டம் சூட்டியிருக்கிறேன்.

சேலம் – உளுந்தூர்பேட்டை சாலையில் எலவனாசூர்கோட்டையில் இறங்கினால் ஒருவராவது கண்ணில் படுவார். அடையாளம் எளிது. பக்கத்தில் யாரும் பேசாதபோது சிரிப்பார். யாராவது நல்ல ஜோக் அடித்தால் சிரிக்க மாட்டார். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். மகன் கல்லூரிக்குப் போகும்போது புது போன் வாங்கிக்கொண்டு பழையதை வீட்டில் விட்டுப்போயிருப்பான். கூடவே ஒரு ஜோடி இயர்பட்ஸ், அதில் ஒன்றுக்குத்தான் உயிர் இருக்கும். நம் வீடுகளில் மண்ணும் நகையும்தான் அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும். மின்சாதனங்கள் பிள்ளையிடமிருந்து அப்பனுக்கு வரும்.

நான் கிட்டத்தில் பார்த்துவருவது ஓர் உரக்கடைச் செவியரை. காலையில் ஷட்டரைத் தூக்கி, ஊதுபத்தி ஏற்றி, யூரியா மூட்டை அடுக்கின்மேல் போனைச் சாய்த்து வைப்பார். முதலில் ஜெர்மன். மொழி கற்பவர்களுக்காக டாய்ச்ச வெல்லே நிறுவனம் நிறுத்தி நிதானமாகப் படிக்கும் செய்தி ஒன்றை வைத்திருக்கிறது. அது முடிந்தால் பிரான்சின் ஆர்.எஃப்.ஐ. வானொலி எளிய பிரெஞ்சில் தரும் பத்து நிமிடச் செய்தி. இரண்டையும் கேட்டுக் கேட்டு, உலகத்தில் எல்லாமே மெதுவாகவும் தெளிவாகவும்தான் நடக்கிறது என்று நம்பிவிட்டார். அவருடைய உலகத்தில் ஆட்சிகள் ஆற அமரக் கவிழ்கின்றன. புயல்கூட ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்துக்கொண்டுதான் கரையைக் கடக்கிறது. இந்த நடை அவருடைய தமிழிலும் ஏறிவிட்டது. "டிஏபி இன்னா வெல?" என்று ஒரு விவசாயி கேட்டால், "டி... ஏ... பி... ஒரு... மூட்டை..." என்று இவர் தொகைக்கு வந்து சேர்வதற்குள் அந்த ஆள் எதிர்க்கடையில் மூட்டையை வண்டியில் ஏற்றியிருப்பார்.

'வாழ்க்கை' என்ற தலைப்பில் அவர் கேட்டது ஒரு பிரெஞ்சு நிகழ்ச்சி. அதில் ஒருவர் உறக்கத்தைப் பற்றி ஆழமாகப் பேசுகிறார் என்று டீக்கடையில் பல நாள் சொற்பொழிவு நடந்தது. "மனுஷன் வாழ்நாள்ல மூணுல ஒரு பங்கு எங்க கழியுது? படுக்கையில. அத யாராச்சும் யோசிச்சமா?" டீக்கடையே யோசித்தது. வடை போடுகிறவர்கூட ஒரு ஈடு கருகவிட்டார். பிறகு ஒருநாள் விழுப்புரம் பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒரு சொல்தா வந்து உட்கார்ந்தார். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரிப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். செவியர் பெருமையோடு இயர்பட்ஸைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, அவர் காதில் வைத்தார். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஐயா, இது மெத்த வெளம்பரம். நூறு ராத்திரி படுத்துப் பாத்துட்டுப் புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாமாம்."

வேறு யாராக இருந்தாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருப்பார்கள். நம் ஆள் அசரவில்லை. "பாத்தீங்களா, நூறு ராத்திரி! நம்மூர்ல எந்தத் தத்துவமாச்சும் திருப்பி எடுத்துக்குமா?" என்றார்.

இதைப் புது வியாதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாட்காஸ்ட் என்ற பெயர் 2004-ல் கார்டியன் பத்திரிகையில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில்தான் முதலில் தலைகாட்டியது. எங்கள் பக்கத்துக் காதுகள் அதற்கு வெகு முன்பே கடல் தாண்டிவிட்டன. செவியரின் அப்பா சிற்றலைக்காரர். இரவு ஒன்பதே காலுக்கு லண்டனிலிருந்து தமிழோசை. மற்ற நேரத்தில் பீஜிங். 1941-ல் தொடங்கிய பிபிசி தமிழ் வானொலி 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி வரை சிற்றலையில் ஒலித்தது. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963 ஆகஸ்ட் 1-ல் ஆரம்பித்தது. அங்கே சீனர்களே தமிழ் படித்து, கலையரசி என்பது போலத் தமிழ்ப் பெயரும் வைத்துக்கொண்டு, நம்மைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். அவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நேயர் மன்றங்கள் இருந்தன. ஆண்டுதோறும் கருத்தரங்குகூட நடத்தினார்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல்தான். அதுவரை நாங்கள் இருந்த விழுப்புரம் மாவட்டம் கடிதம் எழுதுவதில் யாருக்கும் சளைத்ததில்லை.

அப்பாவின் வேலைகள் கொஞ்சநஞ்சமில்லை. தீர்ந்துபோன பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார். கொடிக்கம்பியை ஏரியலாக்கி, ஈரத்துணி போடக் கூடாது என்று வீட்டில் தடையுத்தரவு போடுவார். 25 மீட்டருக்கும் 31 மீட்டருக்கும் நடுவில் முள்ளை மயிரிழை நகர்த்துவார். ஒலிபரப்பு கிடைத்தால் அதற்கு மதிப்பெண் போட்டு நிலையத்துக்கே அனுப்புவார். ஒலியின் பலம், குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறியிறங்கும் விதம், மொத்தத் தரம் என்று ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண். சின்போ என்று அதற்குப் பெயர். எல்லாம் சுத்தமாக இருந்தால் 55555. பதிலுக்கு நிலையத்திலிருந்து படம் போட்ட அட்டை வரும். தபால்காரர் அதைத் தெருவே பார்க்கும்படிதான் கொண்டுவந்து கொடுப்பார்.

மகனுக்கும் அந்த ரத்தம் ஓடுகிறது. ஸ்வீடன் வானொலிக்கு மின்னஞ்சலில் 55555 என்று மதிப்பெண் அனுப்பினார். இணையத்தில் வரும் பாட்காஸ்டுக்கு அலையும் கிடையாது, குறுக்கீடும் கிடையாது. வந்தால் 55555, வராவிட்டால் பூச்சியம். வீட்டில் மட்டும் சின்போ ஒழுங்காக வேலை செய்கிறது. மனைவி அடுக்களையிலிருந்து, "ஏங்க, பால் பொங்குதுங்க!" என்று கூப்பிட்டதற்கு அவர் போட்ட எண், பலம் 5, குறுக்கீடு 1. குறுக்கீட்டில் 1 என்றால் தொல்லை உச்சத்தில் இருக்கிறது என்று பொருள். நல்லவேளை, அந்தம்மாவுக்கு சின்போ தெரியாது.

'இயற்கை'க்கு வருவோம். ஸ்வீடன் வானொலியில் சனிக்கிழமைக் காலைகளில் 'நாத்தூர்மோரொன்' என்றொரு நிகழ்ச்சி உண்டு. ஒருவர் ஸ்டுடியோவில் இருப்பார், இன்னொருவர் காட்டுக்குள் நடப்பார். ஒரு பறவை கூவும். இருவரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். அந்த மௌனத்தில் செவியர் உருகிவிடுவார். அப்படிப்பட்டவரை உறவுக்காரர்கள் வேனில் ஏற்றிக் கல்வராயன் மலைக்கு, பெரியார் அருவிக்குக் கூட்டிப்போனார்கள். வெள்ளிமலைச் சாலையில் ஏற ஏற சிக்னல் செத்தது. அவர் இயர்பட்ஸைக் கழற்றினார். உடனே காட்டின் குரல் அவர் செவிக்கு எட்டி ஞானம் பிறந்திருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். அருவியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, ஆனா யாருமே வர்ணிக்க மாட்டேங்கறாங்களே" என்று குறைபட்டார். கடைசியில் அவரே வர்ணிக்க ஆரம்பித்தார், ஜெர்மன் செய்தி வேகத்தில். குளித்துக்கொண்டிருந்த குழந்தைகள் முதல் வாக்கியம் முடிவதற்குள் கரையேறிச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

கலை விஷயத்தில் அவருக்கு உள்ளூரில் ஒரு வாத்தியார் கிடைத்தார். 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தைச் செய்கிறவர்களில் ஒருவர். வாகைக் கட்டையில் பிள்ளையாரின் துதிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தவரிடம் செவியர் போய் ரோதான் என்ற பிரெஞ்சு மேதையைப் பற்றிச் சொன்னார்.

"அவுரு எந்த மரத்துல செய்வாரு?"

"களிமண்ணுல செய்வாரு. அப்பறம் பட்டறைக்காரங்க வெண்கலத்துல வார்ப்பாங்க. பளிங்குன்னா உதவியாளுங்க செதுக்குவாங்க."

சிற்பி உளியைக் கீழே வைக்கவில்லை. "அப்ப ஒழைப்பு ஒருத்தரு, பேரு ஒருத்தரு. அங்கயும் அதானா?"

ரோதானைப் பற்றி அவர் கேட்ட நிகழ்ச்சிகளில் இவ்வளவு சுருக்கமான விமர்சனம் வந்திருக்காது. செவியர் அதை ஏற்றுக்கொண்டு இன்றுவரை டீக்கடையில் தன் சொந்தக் கருத்தாகச் சொல்லிவருகிறார்.

இவரால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளக் குருத்தைத் தின்று தீர்த்தபோது, அது அமெரிக்கக் கண்டத்துப் புழு என்றும் ஸ்பானிஷில் அதற்கு 'குசானோ கொகொயேரோ' என்று பெயர் என்றும் இவர்தான் சொன்னார். "பேரு தெரிஞ்சா செத்துருமா?" என்று கேட்டுவிட்டு விவசாயிகள் மருந்து வாங்கிப் போனார்கள். மருந்து இவர் கடையில்தான் வாங்கினார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒருமுறை நானே கேட்டேன். முக்கால்வாசி புரியாததை எதற்கு இப்படி விழுந்து விழுந்து கேட்கிறீர்கள் என்று. நிதானமாகத்தான் பதில் வந்தது. "எங்கப்பா கேக்கறதுக்காக பீஜிங்ல ஒரு அம்மா ஒக்காந்து தமிழ் படிச்சாங்க சார். தமிழ்ப் பேரும் வச்சிக்கினாங்க. பதிலுக்கு நாம ஒரு காதாவது குடுக்க வேணாமா?" சொல்லி முடித்ததும் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டார்.

எலவனாசூர்கோட்டைப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உரக்கடையில் அவரிடம் பேச வேண்டுமானால் இடப்பக்கமாக நின்று பேசுங்கள். வலக்காது காலை பத்து மணிவரை ஜெர்மனிக்கு. விலை கேட்க வந்தவர்கள் சில்லறையை எண்ணிக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பதில் வர நேரமாகும்.