படலை திறந்திருக்கட்டும்

கிண்ணம் வென்ற அணியின் ரசிகருக்கு அடுத்த பருவத்தின் முதல் இரவு திருவிழாவாக இருக்கும் என்று நினைப்பவர்கள், வட்டக்கச்சிப் பக்கம் வந்து எங்கள் அண்ணையைப் பார்க்க வேணும். காலபோக நெல்லு விற்ற காசு மடியில் இருக்கிற மார்ச் மாதம். ஊரே சிரித்துக்கொண்டு திரியும். அண்ணைக்கு மட்டும் சோறு தொண்டைக்குள் இறங்காது.

"போன போகம் மூட்டை மூட்டையாய் அடுக்கினனாங்கள்தான். அதுக்காக இந்தப் போகம் தானாய் விளையுமோ தம்பி?" என்பார். பேசுவது நெல்லைப் பற்றி அல்ல.

சென்னை சூப்பர் கிங்ஸை அவர் "எங்கடை ஆக்கள்" என்றுதான் சொல்லுவார். லங்கா பிரீமியர் லீக்கில் 2020, 2021, 2022 என்று தொடர்ந்து மூன்று முறை யாழ்ப்பாணத்தின் பெயர் கொண்ட அணிதான் வென்றது. அதைச் சொன்னால், "அது ஆனையிறவுக்கு அங்காலை" என்று கையை வீசிவிடுவார். ஆனையிறவைவிடச் சேப்பாக்கம் கிட்டவோ என்று நான் இதுவரை கேட்கவில்லை. அவர் வீட்டுத் தேத்தண்ணி நல்லாயிருக்கும்.

நெல்லுக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. கிண்ணம் வென்ற மறுவருடத்து முதல் மச்சுகள் மட்டும். 2011: கொல்கத்தாவை இரண்டே ஓட்டத்தால் வென்றது. 2012: மும்பையிடம் 112-க்குள் சுருண்டு தோல்வி. 2019: பெங்களூரை 70-க்குள் சுருட்டியது. 2022: மறுபடி கொல்கத்தா, தோல்வி. இரண்டுக்கு இரண்டு. "அப்ப இந்த முறை ஆர் தீர்மானிக்கிறது?" என்று கொப்பியை மூடுவார். யார் தீர்மானிப்பது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அந்த நம்பிக்கையின் வேர் 1996 மார்ச் 17-இல் இருக்கிறது. லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். வன்னியில் கரண்டும் இல்லை, ரேடியோவுக்குப் பற்றறியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றினால்தான் ரேடியோ பேசும். சுற்று தளர்ந்தால் வர்ணனையாளரின் குரலும் நோயாளியின் குரல்போல இறங்கி அடங்கிவிடும். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 எடுத்தார். சுற்றியவர் அண்ணை. "அதிலை பாதி என்ரை தோள் அடிச்சது" என்று இன்றைக்கும் வலது தோளைத் தடவிக் காட்டுவார். யார் வெல்லவென்று சுற்றினீர்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சு வயலுக்கு மாறிவிடும்.

தான் சுற்றாவிட்டால் மச் நின்றுவிடும் என்று அன்று பிடித்த எண்ணம், வீட்டுக்கு டிஷ் வந்த பிறகும் விடவில்லை.

2023 இறுதியாட்டம் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மே 30 அதிகாலை ஒன்றரை மணி தாண்டி முடிந்தது ஞாபகமிருக்கும். கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம் வேணும். அந்த நேரம் பார்த்து ஒரு கட்டாக்காலி மாடு படலைக்குள்ளால் வந்து அவர் மனுசி, எங்கள் அக்காவின் வெண்டிப் பாத்தியில் வாய் வைத்தது. அண்ணை ரோச் லைற்றோடு வெளியே ஓடினார். உள்ளே ஜடேஜா ஒரு சிக்ஸும் ஒரு ஃபோரும் அடித்து ஐந்தாவது கிண்ணத்தை எடுத்துவிட்டார். பந்தைப் பார்க்காத வருத்தம் ஒரு நிமிடம்தான். பிறகு மாட்டைப் பார்த்தார். விளங்கிவிட்டது.

ஆகவே 2024 மார்ச் 22, சேப்பாக்கத்தில் பெங்களூரோடு முதல் மச் என்றதும், அண்ணை செய்த முதல் வேலை படலையைத் திறந்துவிட்டதுதான். ஏற்கெனவே மனுஷன் நொந்துபோயிருந்தார். முதல் நாள்தான் டோனி தலைமைப் பதவியை ருதுராஜிடம் கொடுத்திருந்தார். பத்திரனவுக்கும் காயம். தொலைக்காட்சியில் ஏ.ஆர். ரஹ்மான் பாடிக்கொண்டிருக்க, இவர் படலையடியில் வாழைப்பழத் தோல் பரப்பிக்கொண்டிருந்தார்.

"மாட்டுக்கும் அட்டவணை அனுப்பினீங்களோ?" என்று அக்கா குசினிக்குள்ளிருந்து கேட்டா.

முஸ்தாபிசுர் நான்கு விக்கெற் எடுத்து, பெங்களூர் 78-க்கு ஐந்து என்று கிடந்தபோதும் அண்ணையின் கண் வாசலில்தான். பிறகு கார்த்திக்கும் ராவத்தும் அடிக்கத் தொடங்க, "பாத்தியே, மாடு வரேல்லை" என்றார். பெங்களூர் 173-இல் முடிந்தது. சென்னை துரத்த, நாலாவது விக்கெற் விழுந்த கையோடு ஒழுங்கையில் குளம்புச் சத்தம். செங்காரி மாடு ஒன்று ஆறுதலாய் உள்ளே வந்து, பழத்தோலை மோந்துகூடப் பாராமல், நேரே பயற்றங்கொடிக்குப் போனது.

அக்கா தும்புத்தடியோடு பாய்ந்தா. அண்ணை இரண்டு கையையும் விரித்து மறித்தார். "இஞ்சாரும், கொஞ்சம் பொறும்! ஜடேஜா நிக்கிறான்!"

தூபேயும் ஜடேஜாவும் எட்டுப் பந்து மிச்சமிருக்க மச்சை முடித்தார்கள். மாடும் பயற்றங்கொடியை முடித்திருந்தது.

"இன்னும் பதின்மூண்டு மச் கிடக்கு" என்று அண்ணை சந்தோஷமாய்ச் சொன்னதுதான் பிழை. விடியப்புறமே அக்கா கடைக்கு ஆள் அனுப்பிக் கம்பி எடுப்பித்து, படலையை மூன்று இடத்தில் முறுக்கிக் கட்டிவிட்டா. அதன் பிறகு ஆள் போய்வருவதே வேலியில் ஒரு பொட்டுக்குள்ளால்தான்.

மே 18. அதே பெங்களூர். 201 எடுத்தால் தோற்றாலும் அடுத்த சுற்று. சென்னை 191-இல் நின்றது. வீட்டில் எல்லாரும் கடைசி ஓவரைத் திட்டினார்கள், டோனி ஆட்டமிழந்த பந்தைத் திட்டினார்கள். அண்ணை ஒருவரையும் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பி முற்றத்துக்கு வந்து, ரோச் லைற்றை அடித்து, படலையில் இருந்த மூன்று கட்டையும் ஒவ்வொன்றாய்ப் பார்த்துவிட்டு, அக்காவைப் பார்த்தார்.