மட்டாஞ்சேரி மாந்தரியல்: சூத்திரமும் உரையும்

மட்டாஞ்சேரி மாந்தர் இரு திணையர்: வந்தவர், அவருக்கு முன்னே வந்தவர். இது சூத்திரம், யாத்தவனே உரையும் எழுதுகிறேன்.

மண்ணின் மைந்தர் என மூன்றாம் திணை இல்லையோ என்றால், கொச்சி அரசரைக் காட்டுவார்கள். ஆனால் அவருடைய அரண்மனையே 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டித் தந்தது. பின்னால் டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் பெயரும் டச்சு அரண்மனை. ஆகவே அத்திணை ஐயத்துக்குரியது.

வந்தவருள் வியாபாரத்துக்கு வந்தவர் குஜராத்திகள், கச்சி மேமன்கள். கோவாவில் போர்ச்சுகீசியர் கெடுபிடி தாங்காமல் வந்தவர் கொங்கணிகள். இவர்களைப் பற்றிப் பேச ஆளுண்டு, விடுவோம்.

கூட்டிவரப்பட்டவர் நம் வண்ணார். டச்சுச் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. பக்கத்து ஃபோர்ட் கொச்சியில், வெளி மைதானத்தருகே அவர்களுடைய சலவைக்கூடமான தோபிகானா. அங்கே துணிக்கொடியைப் பார்க்க வேண்டும். இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். முறுக்கை விரலால் நெகிழ்த்தி, கஞ்சி போட்ட வேட்டியின் ஓரத்தைச் செருகி விட்டால் கயிறே கவ்விக்கொள்ளும். கிளிப் என்ற பொருளுக்கு வேலையே இல்லை.

அடுத்தது பரதேசி. நம்மூரில் ஒருவரை அப்படிக் கூப்பிட்டால் சண்டை வரும்; இங்கே அது 1568-இல் எழுந்த யூதத் தொழுகைக்கூடத்தின் பெயர். உள்ளே நீலப்பூ வரைந்த சீன ஓடுகள் தரை முழுக்க. அந்தத் தரையிலும் எனக்கு முன்பே ஒரு வகைப்பாட்டாளர் புகுந்திருக்கிறார்: விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோருக்கு மற்றவரோடு சமமாக உட்கார அன்று இடமிருக்கவில்லை. அவர்களில் பிறந்த வக்கீல் ஏ. பி. சேலம் அங்கேயே சத்தியாகிரகம் செய்தார். யூத காந்தி என்று பெயர் வாங்கினார்; இடமும் வாங்கினார்.

துறைமுகத்தில் இருந்த பகுப்பு இன்னும் சுருக்கமானது: சாப்பா கிடைத்தவர், கிடைக்காதவர். சாப்பா என்பது உலோக வில்லை. காலையில் கூட்டத்துக்குள் வீசுவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்றைக்குக் கூலி. மறுநாள் மறுபடி வகைப்பாடு. அதை எதிர்த்த தொழிலாளர் மீது 1953-இல் போலீஸ் சுட்டது. இந்த இடத்தில் உரைகாரனுக்கு வேடிக்கை வரவில்லை.

எஞ்சியது அஃறிணை. சமணக் கோயிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இறைக்கிறார்கள். வந்தது எது, முன்னே வந்தது எது என்று குறிப்பேட்டோடு நின்றேன். பதினேழு வரை எண்ணியிருப்பேன். எல்லாம் ஒன்றாக எழும்பிவிட்டன.