மஞ்சள் சட்டைக்குக் கட்டணம் இல்லை

இதை எழுதும்போது என் வலது கால் கட்டைவிரல் ஐஸ்கட்டிப் பொட்டலத்துக்கு அடியில் இருக்கிறது. நேற்று சாயங்காலம் கிண்டியில் மெட்ரோ ஏறினேன். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச்; கதவு திறந்தால் உள்ளே மஞ்சள் சட்டைகளால் ஒரு மதில். முக்கால்வாசி முதுகுகளில் 7 என்று போட்டிருந்தது. எந்த 7 என் காலை மிதித்தது என்று அடையாளம் காட்டக்கூட வழியில்லை.

மிதித்தவன் "ஸாரி அங்கிள்" என்றான். உடனே நண்பன் பக்கம் திரும்பி, "மச்சான், மேட்ச் டிக்கெட்டக் காட்டினேன், கேட் தொறந்துச்சுடா! ஃப்ரீடா!" என்று குதித்தான். குதித்து இறங்கியதும் அதே விரல்மேல்தான்.

சேப்பாக்கத்தில் 2025-இல் குறைந்த விலை டிக்கெட்டே 1,700 ரூபாய் அளவில் போனது. மெட்ரோவில் உச்சக் கட்டணமே 50 ரூபாய். 1,700 போனதற்குக் கண் கலங்காதவன், 50 மிச்சமானதற்குக் குதிக்கிறான். நானும் எண்ணூறு ரூபாய்க்குத் துணி எடுத்துவிட்டுக் கட்டைப்பை ஓசியில் கேட்டுக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பவன்தான். எரிச்சல் அதனால் இல்லை. எரிச்சல் எங்கள் வீட்டுக் கணக்கால்.

2021 மே மாதத்திலிருந்து வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லையா, என் மனைவி வண்ணாரப்பேட்டையிலிருந்து கோயம்பேடு போய்க் கொத்தமல்லி வாங்கி வருகிறாள். "ரெண்டு கட்டு இருபது ரூபா, இங்க முப்பது" என்கிறாள். போக வர மூன்று மணி நேரம் ஆயிற்றே என்றால், "பஸ்ஸுக்குக் காசா குடுத்தேன்?" அப்பாவுக்கு மூத்த குடிமக்கள் டோக்கன், மாதம் பத்து. 28-ஆம் தேதி கையில் இரண்டு டோக்கன் மிஞ்சியிருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. சட்டையை மாட்டிக்கொண்டு பாரிமுனை போவார். அங்கே ஒரு வேலையும் இல்லை. ஒரு டீகூடக் குடிக்காமல், அதற்குக் காசு வேண்டுமே, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, "தீர்த்துட்டேன்" என்று காலண்டரைப் பார்த்துச் சொல்வார். பையனுக்கு மாணவர் பாஸ். பாஸ் இருக்கிற ஒரே காரணத்தால் தெருமுனை டியூஷனுக்கும் பஸ் ஏறுகிறான்.

எனக்கு 58. டோக்கனுக்கு இன்னும் இரண்டு வருஷம். பெண்ணில்லை, மாணவனில்லை, மஞ்சள் சட்டையும் இல்லை. நாங்கள் நாலு பேரும் சேர்ந்து பஸ் ஏறினால் கண்டக்டர் மற்ற மூவரையும் தாண்டி நேரே என்னைத்தான் பார்ப்பார், கல்யாண வீட்டில் மொய் நோட்டுக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. மனைவியும் அப்பாவும் ஜன்னலோரம் பிடித்துவிடுவார்கள். காசு கொடுத்தவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அலுவலகத்தில் புலம்பினேன். "சார், மெட்ரோவுக்கு டீம்காரங்க பணம் கட்டிடறாங்க. உங்க காசு இல்ல. பெல்ஸ் ரோட்ல எத்தனை பைக் குறையுது தெரியுமா?" என்றான் ஒரு பையன். வெளிநாட்டுக் கதைகளும் சொன்னான். ஜெர்மனியில் பல ஊர்களில் கால்பந்து டிக்கெட்தான் உள்ளூர் ரயில் டிக்கெட்டும். 2024 யூரோ கோப்பைக்குப் போனவர்களுக்கு 36 மணி நேரம் உள்ளூர்ப் பயணம் சும்மா. கத்தாரில் 2022 உலகக் கோப்பையின்போது ரசிகர்களுக்கான ஹய்யா அட்டை இருந்தால் மெட்ரோவில் காசே கேட்கவில்லை. எல்லாம் சரி. பைக் குறைவது நல்லதுதான். அந்தப் பைக்கெல்லாம் இப்போது என் விரல்மேல் நிற்கிறது, அவ்வளவுதான்.

திருவல்லிக்கேணி நண்பர் ஒருவர் எனக்கு மேல் கொதிக்கிறார். "டீம்காரன் கைக்காசா போடறான்? எல்லாம் நம்ம டிக்கெட்லேர்ந்து போறதுதானே? கிண்டிலேர்ந்து வர்றவனுக்கு மெட்ரோ ஓசி. நான் செருப்பு மாட்டினா ஸ்டேடியம், எனக்கு என்ன ஓசி? செருப்புத் தேய்மானமாவது தரணுமா இல்லையா?" ஜெர்மனியிலும் மைதானத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இதையே ஜெர்மனில் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆக, இதில் எது நியாயம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் ஐஸ் உருகி, எழுதிய தாளில் பாதி நனைந்துவிட்டது.

நேற்று அரசினர் தோட்டம் வந்ததும் மஞ்சள் மதில் மொத்தமாக இறங்கியது. பெட்டி கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி ஆனது. உட்கார்ந்து ஷூவைக் கழற்றிப் பார்த்தேன், விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. வண்ணாரப்பேட்டையில் இறங்கி நடக்க முடியவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டேன். வழக்கமாக அறுபது ரூபாய் தூரம்.

"நூத்திப் பத்து குடு சார்."

"ஏம்ப்பா, அம்பது ஜாஸ்தி?"

"மேட்ச் நாளு சார்" என்றார்.