அத்தையின் தாவரவியல்

தூத்துக்குடிக்காரர்களுக்குக் குளிர் தெரியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மீன் பெட்டியில் கொட்டும் ஐஸை நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறோம். போதாததற்குப் பனிமய மாதா பேராலயமே எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ரோமாபுரியில் ஒரு குன்றின்மேல் ஆகஸ்ட் மாதத்தில் பனி பெய்ததாகச் சொல்லும் கதையிலிருந்து வந்த பெயர் அது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5 அன்று, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கத்தில் நின்று, பனி மாதாவுக்குத் திருவிழா எடுக்கிறோம். ஒரு ஊர் குளிருக்கு இதற்கு மேல் என்ன மரியாதை செய்ய முடியும்?

இருந்தாலும் மே மாதம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் மலையேறும் பேச்சு எழுந்துவிடும். ஊட்டியைவிடக் கொடைக்கானல்தான் பக்கம், அங்கும் 1908-ல் போட்ட பிரையண்ட் பூங்கா இருக்கிறது என்று நான் வாதாடினேன். எடுபடவில்லை. அத்தை பார்த்த படங்களில் கதாநாயகனும் கதாநாயகியும் ஓடியது ஊட்டிப் புல்வெளியில்தான். ‘அந்தப் புல்ல நான் பாக்கணும்’ என்று சொல்லிவிட்டாள். தூத்துக்குடியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு வாரம் இருமுறை ரயில் விட்ட பிறகு மறுத்துப் பேசக் காரணமும் இல்லாமல் போயிற்று.

மாமா உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குப் போக இ-பாஸ் வேண்டும் என்று நான் விளக்கியதும், ‘இலங்கைக்குத்தாம்ல பாஸு கேப்பான். ஊட்டி எப்பம்ல தனி நாடாச்சு?’ என்றார். உயர் நீதிமன்ற உத்தரவு என்றேன். உடனே அடங்கிவிட்டார். கோர்ட்டுக்கு மட்டும்தான் அடங்குவார். அத்தைக்கு அடங்குவது வேறு கணக்கு. மலையடிவாரத்தில் பிளாஸ்டிக் பாட்டில்களைத் தேடியபோது எங்கள் வண்டியில் அகப்பட்டது அத்தையின் எவர்சில்வர் தூக்குச்சட்டி மட்டும்தான். சோதனை போட்டவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருந்த புளியோதரையின் வாசனையோடு எங்களை மரியாதையாக அனுப்பிவைத்தார்.

ஊட்டியில் இறங்கியபோது தூறல். எல்லோரும் ஆகா என்றார்கள். மாமாவின் முகம் மட்டும் சுருங்கிப் போயிற்று. ஆயுசு முழுக்க மழையை விரோதியாகப் பார்த்த மனிதர். மே மாதம் உப்பு வாரும் காலம். ஒரு மழை இறங்கினால் பாத்தியில் விளைந்தது கரைந்து போகும். குரங்குக் குல்லாவை வாங்கிக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு, ஊருக்குப் போன் போட்டு, ‘அங்க மேகம் கீகம் இருக்கால?’ என்று விசாரித்தார். இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஊட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

அரசு தாவரவியல் பூங்கா தொட்டபெட்டா மலைச்சரிவில், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பரப்பு 55 ஏக்கர். இதை நான் பெருமையாகச் சொன்னபோது மாமா, ‘நம்ம அளம் இதவிடப் பெருசுல்லா’ என்றார். பிறகு, சரிவாக இருப்பதால் இங்கே பாத்தி கட்ட முடியாது, தண்ணீர் நிற்காது, இடம் வீண் என்று தீர்ப்பும் சொன்னார்.

உள்ளே போனதும் குடும்பம் மூன்றாகப் பிரிந்தது. பிள்ளைகள் செல்ஃபி எடுக்கப் போனார்கள். மாமா உட்கார பெஞ்சு தேடினார். பெயர்ப்பலகைகளை வாசிக்கும் வேலை எனக்கும், கேள்வி கேட்கும் வேலை அத்தைக்கும் வந்து சேர்ந்தது. நான் ஒவ்வொரு மரத்தின் முன்னும் நின்று லத்தீன் பெயரை எழுத்துக் கூட்டி முடிப்பேன். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்பாள்: ‘எய்யா, இத திங்கலாமா?’

பெரணிச் செடி முன்னால் கேட்டாள். கள்ளிச் செடி முன்னால் கேட்டாள். கண்ணாடி மாளிகையில் ஆர்க்கிட் பூவை ஒரு கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தபோதும் கேட்டாள். பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ‘கொஞ்சம் சும்மா கெடக்கியா?’ என்று மாமா பெஞ்சிலிருந்தே குரல் கொடுத்தார்.

அத்தைக்கு ஆதரவாகச் சரித்திரம் இருப்பது அந்த வெளியூர்க்காரருக்குத் தெரியாது. இந்தப் பூங்கா பூவுக்காகத் தொடங்கியதே இல்லை. 1840-களில் ஊட்டியில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்குச் சாப்பிட நம் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் போதவில்லை. ஆளுக்கு மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் நடத்தினார்கள். அந்த முயற்சியைப் பொதுத் தோட்டமாக மாற்ற மதராஸ் கவர்னர் ட்வீடேல் பிரபு முனைந்தார். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-ல் வந்து சேர்ந்தார். மேலே காடும் கீழே சேறுமாகக் கிடந்த இடத்தைத் திருத்தி இந்த வடிவத்துக்குக் கொண்டுவர அவருக்குப் பத்து வருஷம் போலப் பிடித்தது. கியூவில் படித்தவர் வருவதற்கு முன்பே அத்தையின் கேள்வியைக் கேட்டுவிட்டு, அதற்கு மூன்று ரூபாயும் கட்டியிருந்தார்கள். இன்றைக்கும் எங்கள் ஊர் மார்க்கெட்டில் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் காய் என்றுதான் பெயர். ஊட்டிக் கேரட் என்றால் கிலோவுக்கு விலை கூடுதல்.

அத்தையின் இரண்டாவது கேள்வி, ‘அப்பம் மருந்துக்காவது ஆகுமா?’ இதையும் சாம்ராஜ்யமே கேட்டிருக்கிறது. தென் அமெரிக்க மலைகளிலிருந்து கிளமென்ட்ஸ் மார்க்கம் 1860-ல் கொண்டுவந்த சின்கோனா கன்றுகளை நீலகிரியில் வளர்க்கும் பொறுப்பு இதே மெக்ஐவர் தலையில்தான் விழுந்தது. சின்கோனாவின் பட்டையில் இருக்கிறது கொய்னா. மலேரியாக் காய்ச்சலுக்கு அன்று இருந்த ஒரே நல்ல மருந்து. பட்டையை உரித்தால் மரம் செத்துப் போகும் என்பதால், ஒரு பக்கம் மட்டும் கீற்றாக உரித்து, அந்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டிப் புதுப் பட்டை வளர வைத்தார் மெக்ஐவர். இதைச் சொன்னதும் அத்தை, ‘கொய்னாவா? சின்னப்பிள்ளையில வாயப் புடிச்சு ஊத்துவாகளே! அந்தக் கசப்பு இங்கருந்துதான் வந்துச்சா?’ என்று மலையையே கோபமாகப் பார்த்தாள்.

மூன்றாவது கேள்வி மாமாவுடையது: ‘இத வித்தா என்ன கெடைக்கும்?’ நீலகிரிச் சரிவுகளில் தேயிலை ஏறிய கதை அந்தக் கேள்விக்கான பதில்தான். ஆக, திங்கலாமா, மருந்தா, விற்கலாமா என்ற மூன்று கேள்விகளோடு எங்கள் குடும்பம் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி நடத்தப் போதுமான தகுதியோடு நடந்துகொண்டிருந்தது. கப்பல்தான் இல்லை. அதுவும் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை, வ.உ.சி. 1906-லேயே கம்பெனி தொடங்கிக் கப்பல் விட்டுக் காட்டியிருக்கிறார்.

பிறகு பார்த்தவை எல்லாம் இந்த மூன்றுக்கும் அகப்படாதவை. குரங்கால் ஏற முடியாத மரம் என்று காட்டும் ஒன்றின் அடியில் குரங்குக் குல்லாவோடு மாமாவை நிறுத்திப் பிள்ளைகள் படம் எடுத்தார்கள். காரணம் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. கல்லாகிப் போன ஒரு மரத்துண்டு இருக்கிறது. வயது இரண்டு கோடி ஆண்டு என்று போட்டிருக்கிறார்கள். அத்தை அதைத் தட்டிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. செடிகளால் போட்ட இந்திய வரைபடத்தில் மாமா குனிந்து வெகுநேரம் தூத்துக்குடியைத் தேடினார். கத்தரித்தவர் கை கொஞ்சம் அழுத்தி விழுந்ததில் மன்னார் வளைகுடா அகலமாகி எங்கள் மாவட்டத்தை விழுங்கியிருந்தது. ‘துறைமுகத்தையே காணோம்’ என்று அலுத்துக்கொண்டே எழுந்தார்.

பூங்காவின் உச்சியில் தோடர் பழங்குடிகளின் குடியிருப்பான மந்து இருக்கிறது. பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்த வடிவத்தில் வீடு. கறுப்பும் சிவப்புமாக நூல் ஓடிய சால்வையை அத்தை முன்னும் பின்னும் திருப்பி ஆராய்ந்துவிட்டு, ‘ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு, கைவேலைன்னா இது’ என்றாள். அன்று அவள் பாராட்டிய ஒரே பொருள் அதுதான். இந்த மலை மெக்ஐவருக்கு முன்பு, கலெக்டர் ஜான் சலிவனுக்கும் முன்பு, இவர்களுடைய எருமைகள் மேய்ந்த புல்வெளி. இப்போது செல்ஃபி எடுத்து அலுத்தவர்கள் மட்டும் ஏறிவந்து எட்டிப் பார்க்கும் இடமாகிவிட்டது.

இறங்கும்போது அத்தை சொன்னாள்: ‘எல்லாம் எங்கெங்கிருந்தோ வந்த மரமா இருக்கு. பலகை வச்சிருக்கான். நம்மூரு உமரிக்கு யாரு பலகை வச்சா?’ நியாயமான கேள்வி. உப்பளக் கரையில் வேறு எதுவும் முளைக்காத மண்ணில் சிவந்து கிடக்கும் உமரி, கீரையாகக் கடைந்து சாப்பிடக் கூடியது. உப்புப் போட வேண்டியதே இல்லை, அதிலேயே இருக்கிறது. குடை விரித்து நிற்கும் உடைமரம், தாமிரபரணி கடலில் சேரும் பழையகாயல் பக்கத்து அலையாத்தி, செம்மணல் தேரியில் நிற்கும் பனை என்று எங்கள் கரையிலும் பார்க்க நிறைய உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குக் குரங்கு ஏறாத அந்த அரௌகேரியா தெரியும், அலையாத்தி தெரியாது.

ஊட்டிக்குப் போகிறவர்கள் இனி செல்ஃபியை முடித்த கையோடு ஒரு பலகையாவது வாசியுங்கள். அந்தச் செடி எங்கிருந்து வந்தது, யார் வயிற்றுக்காக வந்தது என்று கேளுங்கள். கேட்டதற்கு யாராவது சிரித்தால், தோட்டம் தொடங்கியதே அந்தக் கேள்வியில்தான் என்று சொல்லுங்கள். எங்கள் மாவட்டத்து அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம்: கடற்கரைச் செடிகளுக்கு ஒரு சிறு தோட்டம் போடுங்கள், தமிழில் பெயர் எழுதி வையுங்கள். சந்தா மாதம் மூன்று ரூபாய் என்றால் முதல் ஆளாக அத்தை கட்டிவிடுவாள். உமரிக்கீரையில் பங்கு கேட்பாள், அவ்வளவுதான்.