கடன் தரும் பெரிய துரைமாருக்கு ஒரு கான் வெட்டுகிறவனின் மனு

மணிலா, ரியாத், டோக்கியோ முதலான தூர தேசங்களில் இருந்துகொண்டு எங்கள் ஊருக்கு ரோடு போடக் கடன் தரும் பெரிய துரைமார்களுக்கு, பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் கான் வெட்டிப் பிழைக்கும் அடியேன் எழுதிக்கொள்வது. இங்கே மழை. அங்கே நலந்தானே?

முதலில் நன்றி. ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் 90 கோடி டொலருக்கு ஒப்புக்கொண்ட இரண்டாவது 'ஐ ரோட்' திட்டத்தில் வடக்கு, கிழக்கு, மேல் மாகாணங்களோடு ஊவாவையும் சேர்த்தீர்கள். பதுளை-செங்கலடி வீதிக்குச் சவூதி நிதியம் கைகொடுத்தது. சரிகிற மலைக்கு முட்டுக்கொடுக்க ஜப்பான் வந்தது. திருப்பிக் கட்டும் பெருமையை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்தீர்கள். 2022 ஏப்ரலில் அரசாங்கம் கைவிரித்ததும் அந்தப் பெருமை ஓய்ந்தது. வெளிநாட்டுக் கடனில் நடந்த பல வேலைகளும் கூடவே ஓய்ந்தன.

எங்கள் தோட்டத்துக்கு இறங்கும் முடக்கில் ஒரு பலகை நிற்கிறது. நிதி தந்தவர், ஒப்பந்தக்காரர், ஆலோசகர், நீளம், தொகை, எல்லாம் மூன்று மொழியில். தமிழுக்கு மட்டும் எழுத்துப்பிழை இலவசம். மதகு அடைத்தால் யாரிடம் சொல்வது என்பதுதான் இல்லை. போன ஐப்பசியில் மதகு வாயில் சருகும் கல்லும் கட்டி, தண்ணீர் தாருக்கு மேலால் ஓடி, ரோட்டோரத்தைப் பிள்ளை கடித்த பிஸ்கட் மாதிரி ஆக்கிவிட்டது. பிரதேச சபையில் கேட்டால் "அது தோட்டத்து எல்லை." தோட்டத்து ஒபீசில் "அது திட்டத்து ரோடு." திட்டத்துக்காரர் "எப்போதோ ஒப்படைத்தாயிற்று" என்கிறார். யாரிடம் என்று கேட்க வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

சபையையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் செலவு செய்யவிடாமல் அவர்கள் கையைக் கட்டிவைத்திருந்தது. வாக்குப் போடும்போது நாங்கள் சபைக்கு உள்ளே, கான் அடைத்தால் வெளியே. 2018இல்தான் திருத்தினார்கள். சட்டம் மலையேறிவிட்டது, காசு இன்னும் பதுளை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது போலும்.

2021 மார்ச் 20ஆம் திகதி பசறைப் பதின்மூன்றாம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பாறை சரிந்து வீதி குறுகிப்போயிருந்த இடம் அது. இதில் எனக்குப் பகடி வரவில்லை. அந்தப் பாறையை எடுப்பது யார் வேலை என்று ஒரு தாளில் எழுதி அங்கேயே ஒட்டியிருந்தால் என்ன செலவாகியிருக்கும்?

துரைமாரே, வெள்ளைக்காரன் காலந்தொட்டு இந்த மலைகளில் கான் வெட்டுகிறவர்கள் நாங்கள். எந்தச் சாய்வுக்கு எத்தனை அடிக்கொரு கான், மண் தங்கும் குழி எங்கே, தண்ணீரை எந்த ஓடையில் கொண்டுபோய் விடுவது என்பதெல்லாம் எங்கள் மம்பட்டிக்கே தெரியும். உங்கள் ஆலோசகரோ வெயில் நாளாகப் பார்த்து வருகிறார். ஜீப்புக் கண்ணாடியை இறக்காமலே 'திருப்தி' என்று எழுதிக்கொண்டு போகிறார். வெயிலில் எந்த ரோடும் நல்ல ரோடுதான்.

ஒப்பந்தத்தில் குறை திருத்தும் காலம் என்று ஒன்று இருக்கிறதாம், அதுவரை ஒரு பங்குக் காசைப் பிடித்துவைப்பீர்களாம். நல்ல ஏற்பாடு. அந்தக் காலம் என்றைக்கு முடிகிறது என்று குறை பார்க்கிறவனுக்கும் சொன்னால் இன்னும் நன்றாயிருக்கும். தார் எத்தனை அங்குலம், கான் எத்தனை மீற்றர், பராமரிப்பு யார் பொறுப்பு, எதுவரை என்பதைத் தமிழில் எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்டுங்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை போன பிறகு, லயத்துக்காரர் நாலு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கடைசித் தவணை என்று வையுங்கள். கூலியும் கேட்கமாட்டோம். கேட்டு வாங்கிப் பழக்கமும் இல்லை.

இப்படிக்கு,
மதகுக்கு மேல் லயத்துக்காரன்

பி.கு.: நேரில் பார்க்க வருவதானால் நவம்பரில் வாருங்கள். தார் முடிகிற இடத்தில் ஜீப்பை விட்டுவிட்டு நடக்க வேண்டும். காலில் தேய்க்கச் சவர்க்காரமும் உப்பும் நாங்கள் தருகிறோம். எங்கள் ஊர் அட்டை எந்த நாட்டு இரத்தத்துக்கும் வட்டி கேட்பதில்லை, முதலோடு நிறுத்திக்கொள்ளும்.