மோடத் திணையியல்: வேப்பூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

வேப்பூரின் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையை அறியாதார் இலர். கூட்டுரோட்டில் எந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்பதையும் பலர் அறிவர். ஆனால் அவ்வூர் வீடுகளிலும் கடைகளிலும் வைஃபை மோடம் எங்கே குடியிருக்கிறது என்பதை ஆராயப் புகுந்தார் ஒருவரும் இலர். அக்குறை தீர்க்க எழுந்ததே இக்கட்டுரை. அகவாழ்வுக்கு ஐந்திணை வகுத்த முன்னோர் வழிநின்று, மோடத்தின் வாழ்விடத்தையும் ஐந்தாகப் பகுப்பாம்.

குறிஞ்சி

பீரோ உச்சியும் பரண் சார்ந்த இடமும். "உசரத்துல இருந்தா வீடு பூரா எடுக்கும்" என்பது இத்திணையாரின் கொள்கை. உயரம் நல்லதே. ஆயினும் இரும்பு பீரோ ரேடியோ அலையைத் திருப்பியடிக்கும். அறையின் சூடான காற்றெல்லாம் கூரையடியில்தான் திரளும். இத்திணைக்குரிய புணர்தல், அலையும் போனும் கூடுவது. பீரோவுக்குப் பின்னறையில் அது நிகழ்வது அரிது.

முல்லை

டிவிக்குப் பின்னுள்ள ஒயர்க் காடு. செட்டாப் பாக்ஸும் ஸ்டெபிலைசரும் மோடத்துக்கு அண்டை வீட்டார். மூன்றும் ஒருவர் மேல் ஒருவர் வெப்பம் கக்குவர். காற்றுத் துளைகளின்மேல் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை வீற்றிருப்பது கருப்பொருள். உரிப்பொருள் இருத்தல்: வட்டம் சுற்றச் சுற்றப் படம் எப்போது வரும் என்று காத்திருத்தல்.

மருதம்

சமையலறை அலமாரி. உரிப்பொருள் ஊடல். மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டியே இயங்குவன. ஆகவே குழம்பு சூடாகும்வரை நெட் முகம் திருப்பிக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் ஊடல் தணியும்.

நெய்தல்

மீன்தொட்டிக் கரை. தண்ணீர் அலையை விழுங்கும். தொட்டிக்கு அப்பாலுள்ள அறையில் ஆன்லைன் வகுப்புப் பிள்ளையின் குரல் இரங்கலாகக் கேட்கும்.

பாலை

பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தே பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் உண்மை. மோடத்துக்கும் அஃதே. கதவடைத்த ஷோகேஸ், மேலே போர்த்திய பூத்துணி, கத்திரி வெயில் மூன்றும் கூடின், எத்திணையும் பாலையே. உரிப்பொருள் பிரிவு: நெட் விட்டு விட்டுப் போகும்.

தடையும் விடையும்

"எங்கள் பக்கத்தில் மண்ணைச் சுட்டுத்தான் பீங்கானாக்கி ஃபியூஸ் கட்டை செய்கிறோம், மோடம் கொஞ்சம் சூடானால் என்ன?" எனின், அற்றன்று. பீங்கான் ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து உறுதிப்படும். வீட்டு மோடத்துக்கோ பெரும்பாலும் சுற்றுக்காற்று 40 டிகிரி என்பதே எல்லை. சித்திரை, வைகாசியில் இவ்வட்டாரத்து நண்பகல் அவ்வெல்லையை வெளியிலேயே தொட்டுவிடும். உள்ளிருக்கும் மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் கணக்கு.

"மோடத்தின் எல்ஓஎஸ் விளக்கு சிவந்தால் அதுவும் சூட்டினால்தானே?" எனின், பெரும்பாலும் அன்று. அது இழைவழி ஒளி வந்து சேராமையின் குறி. ஃபைபர் என்பது கண்ணாடி. அதை மிச்சக் கயிற்றைப்போல் மடக்கிப் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் நெருக்கினால் ஒளி கசியும். இழை ஒடியவும் கூடும். சர்வீஸ் தம்பி வந்து முதலில் சொல்வது, "அண்ணே, பீரோவைக் கொஞ்சம் நகத்துங்க." சந்தை நாளில் கூட்டுரோட்டுக் கடைக்கு இது நேர்ந்தால், ஜிபே இன்றிச் சில்லறை தேடும் படலம் தொடங்கும்.

முடிபு

மோடத்தின் முதுகில் இரண்டு சாவித்துவாரம் போன்ற துளைகள் இருப்பின், அவை அழகுக்கு அல்ல, ஆணியில் மாட்டுவதற்கு. வீட்டின் நடுவான சுவரில், கைக்கெட்டும் உயரத்தில், வெயில் படாமல், நாற்புறமும் ஒரு சாண் இடம்விட்டு மாட்டுக. சூடான காற்று மேலெழும். குளிர்ந்தது கீழிருந்து நுழையும். விளக்குகள் கண்ணில் படட்டும். ரீசெட் துளைக்கு ஊக்கு எட்டட்டும். எந்த ஒயர் எதற்கு என்று சீட்டு ஒட்டுக. இழையை அகலமாக வளைத்துச் சுற்றுக.

இவற்றுள் ஒன்றும் செய்ய இயலாதார், பொம்மையையாவது இன்றே இறக்கி வைக்கக் கடவர்.