போன மாசம் வந்திருக்கணும்

விருந்தாளி காரை விட்டிறங்கி இடுப்பை நிமிர்த்துவதற்குள் இவர் சொல்லிவிடுவார்: "அடடா, போன மாசம் வந்திருக்கணும்!"

"வாங்க" என்பது அதற்கப்புறம்தான். தண்ணீர்ச் சொம்பு அதற்கும் அப்புறம், அதுவும் அத்தை கையால்.

இவர் யாருடைய மாமா என்று கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த கல்யாணப் பந்தியில் எனக்கு இலை விழாது. சுற்றிப் பார்க்க நாலு இடம் உள்ள எல்லா ஊரிலும், அந்த நாலு இடத்துக்கும் தன்னைத்தானே தர்மகர்த்தாவாக நியமித்துக்கொண்ட ஒருவர் இருக்கிறார். நம்மவருக்கு வாய்த்தது சிதம்பரம். ஆட்சி எல்லை வடக்கே கடலூர் சில்வர் பீச், தெற்கே கோடியக்கரை, மேற்கே கல்வராயன் மலை. கிழக்கே கடல் தடுத்துவிட்டது. இல்லாவிட்டால் அந்தமானுக்கும் நாம் போன மாசமே போயிருக்க வேண்டும்.

ஏரி, அருவி, பறவை, மான் எல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று லீவு விட்டதும் சென்னையிலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறோம். முழுப் பரீட்சை லீவு மே மாதத்தில்தான் வருகிறது. கல்வித்துறை தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் செய்த காரியம் இது என்பது அவர் எண்ணம். வீராணம் ஏரிக்கரையில் காரை நிறுத்தச் சொல்லி, உச்சி வெயிலில் எங்களை வரிசையாக நிற்கவைத்து, தூரத்தில் கை காட்டுவார். "அதோ மாடு மேயுது பாரு, அங்கெல்லாம் தண்ணி."

மாடு தெரியும். தண்ணீரை நாங்கள்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும். அதற்கும் உதவி செய்வார். இடது கையை நீட்டி, முழங்கையில் மேட்டூரை வைப்பார். ஜூன் 12-ல் அங்கே திறக்கணும்; அது காவிரியில வந்து, கொள்ளிடத்துல எறங்கி, அணைக்கரையில கீழணைக்கு வரணும்; அங்கேர்ந்து வடவாறு. வலது ஆள்காட்டி விரல் மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கை ஏரிக்கு வந்துசேர்வதற்குள் சின்னவள் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்திருப்பாள். முழு மட்டம் 47.50 அடி. அந்த அரை அடியை ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டார். கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. "இப்ப ஏன் மாமா இவ்வளவு கம்மி?" என்று கேட்டுவிட்டால் போச்சு. 2004-லிருந்து இந்த ஏரித் தண்ணீர் குழாயில் சென்னைக்குப் போகிறதல்லவா? "குடிச்சதெல்லாம் நீங்க. குடிச்சுட்டு இங்க வந்து தண்ணி எங்கன்னு கேக்கற!"

பராந்தக சோழன் காலத்து ஏரி, அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் மருவி வீராணம் ஆயிற்று என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்ல வாயெடுப்பேன். அதற்குள் அவர் வந்தியத்தேவனைக் குதிரையோடு இழுத்துவருவார். "பொன்னியின் செல்வன் படிச்சிருக்கியா? வந்தியத்தேவன் இந்தக் கரைக்கு எப்ப வந்தான்? ஆடிப் பதினெட்டுக்கு. விவரமான ஆளு. மே மாசத்துல வந்தானா?"

'போன மாசம்' என்பது மொத்த விலை. சில்லறையிலும் கொடுப்பார். கொத்சு சாப்பிடப் போனால், "போன வாரம் சாப்பிட்டிருக்கணும், மாஸ்டர் மாறிட்டான்." சில்வர் பீச்சில் சூரியோதயம் பார்க்கப் போனால், "நேத்து பாத்திருக்கணும், இன்னிக்கு மேகம்." பிச்சாவரத்துக்குப் போகிற வழியில் கிள்ளை தாண்டி ஒரு நரி, நாங்கள் வருவதற்குச் சரியாகப் பத்து நிமிஷம் முன்னால் ரோட்டைக் கடந்திருக்கும். அந்தப் பத்து நிமிஷமும் அவர் எங்களோடு காருக்குள்தான் இருந்தார் என்பதைக் கேட்கக் கூடாது. பின்னோக்கியும் நெடுந்தூரம் போவார். 'இதயக்கனி' படம் பிச்சாவரத்தில்தான் எடுத்தார்கள், 1975-ல் வந்தது. "எம்.ஜி.ஆர். வந்தப்ப வந்திருக்கணும்." நான் பிறக்கவேயில்லை மாமா என்றால் அது என் அஜாக்கிரதை. 2022-ல் பிச்சாவரத்தை ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தபோது சந்தோஷப்படுவார் என்று நினைத்து போன் செய்தேன். "முன்னாடியே சேத்திருக்கணும்."

சரி, எந்த மாசம்தான் வருவது? நாள் குறித்துக் கொடுங்கள், லீவு போடுகிறேன் என்று ஒரு தடவை காலண்டரையே அவர் முன்னால் விரித்தேன். ஜனவரி பறவைக்கு நல்லது. வெளிநாட்டுப் பறவைகள் கரைவெட்டி ஏரிக்கும் கோடியக்கரைக்கும் வந்திருக்கும். ஆனால் அருவியில் வேகம் இருக்காது. அருவிக்கு அக்டோபர், நவம்பர். அப்போது புயல் சின்னம், கடலூர்த் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிடுவான், படகு விட மாட்டான். ஆகஸ்டில் ஏரி நல்லது, ஆனால் பறவை இல்லை. நாங்களும் அரைப் பரீட்சை லீவில் போய்ப் பார்த்தோம். ஏரி நிறைந்து லால்பேட்டைப் பக்கம் மதகில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள். இன்று தப்பிக்க வழியில்லை என்று மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். "ஒரே கலங்கல். பொங்கலுக்கு வந்திருந்தா கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருக்கும்."

அருவி விஷயத்தில் மட்டும் அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. கடலூர் மாவட்டத்தில் அருவியே கிடையாது. வயலும் உப்பங்கழியும் முந்திரிக்காடும் நெய்வேலிச் சுரங்கமுமாகக் கிடக்கிற சமதரையில் தண்ணீர் எங்கிருந்து விழும்? தர்மகர்த்தா விடுவாரா? விருத்தாசலம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் என்று பாதி நாள் ஓட்டி, கல்வராயன் மலையில் ஏற்றி, வெள்ளிமலைப் பக்கம் பெரியார் அருவியில் கொண்டுபோய் நிறுத்தினார். பாறையில் ஒரு ஈரக்கோடு இருந்தது. மாமா சட்டையைக் கழற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, கோட்டுக்கு நேர் கீழே போய் நின்றார். "இங்க நின்னா தோள்பட்டை வலி பறந்துரும்டா மாப்ள," என்றார், முதுகில் ஒரு சொட்டும் படாமல். "அக்டோபர்ல."

கோடியக்கரையில் வெளிமான் கூட்டமாகவே நின்றது. முறுக்கிய கொம்போடு கருப்பும் வெள்ளையுமாக ஒரு கடா எங்களையே பார்த்தது. மானுக்கு சீசன் கிடையாதே, என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தோம். "கொம்பு சின்னது," என்றார்.

ஒரே ஒரு இடத்தில் நாங்கள் யாரும் சிரிப்பதில்லை. பண்ருட்டி தாண்டி முந்திரிக்காட்டு ஓரமாகப் போகையில் காரை மெதுவாக ஓட்டச் சொல்லுவார். "தானேக்கு முன்னாடி பாத்திருக்கணும்." 2011 டிசம்பர் 30 காலையில் அந்தப் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. தாத்தா வைத்த பலாவைப் பேரன் அறுத்துக்கொண்டிருந்த தோப்புகள் பொழுது விடிந்தபோது வேரோடு சாய்ந்துகிடந்தன. மறுபடி வைத்த கன்றுகள் இப்போது காய்க்கின்றன. பழம் வாங்கலாமா என்றால் வாங்கித் தருவார், பேரம் பேசாமல். அந்தப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரும் வேறு எந்த மாசத்தைப் பற்றியும் பேச மாட்டார்.

வடலூர் வந்தால் சரியாகிவிடுவார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாமல் போனது பிச்சாவரத்தில். சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் வில்லாக வளைந்து தண்ணீரில் இறங்குகிற குறுகலான கால்வாய். நீர் வற்றி, சேறு பளபளவென்று தெரிந்தது. பையன் படகு விளிம்பில் முகத்தை வைத்து, மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் நகம் அளவு நண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கை மட்டும் உடம்பைவிடப் பெரிது. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டின. "தாத்தா, இதுக்கு ஏன் ஒரு கை மட்டும் பெருசு?"

ஆண் நண்டுக்குத்தான் அந்தக் கை, பெண் நண்டைக் கூப்பிட ஆட்டுகிறது என்று சொல்லியிருக்கலாம். பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமே இருக்கிறது. தெரியாது என்றாலும் அங்கே கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். இவர் சொன்னது: "இது என்னடா நண்டு. ஜனவரியில வா. இந்த மரமெல்லாம் வெள்ளை வெள்ளையா பறவையா இருக்கும்." பையன் நண்டை விட்டு நிமிர்ந்து மரத்தைப் பார்த்தான். மரத்தில் ஒன்றுமில்லை. மறுபடி குனிந்தபோது நண்டுகள் வளைக்குள் போய்விட்டிருந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இருப்பதை இவரும் பார்ப்பதில்லை, பார்க்கிறவனையும் விடுவதில்லை. எட்டு வயதுப் பிள்ளை நண்டு பார்ப்பதற்கு எதற்கையா சீசன்?

இதை வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். அதற்குள் எதிர்ப்பலகையில் உட்கார்ந்திருந்த அத்தை, கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டே, படகுக்காரரிடம் கேட்டார்: "ஏம்பா, இது எம்மாம் தூரம் போவும்?"

அத்தைக்கு இதுதான் முதல் தடவை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வாக்கப்பட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. வீட்டிலிருந்து பிச்சாவரம் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்கூட இருக்காது. ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்கிறார். நல்ல சீசன் வரட்டும் என்று ஒவ்வொரு வருஷமும் பதில் வந்திருக்கிறது. எங்களை இத்தனை இடம் இழுத்துக்கொண்டு அலைந்தபோதெல்லாம் அத்தை சமைத்து, டப்பாவில் போட்டு, வாசலில் நின்று வழியனுப்பியிருக்கிறார். இந்தத் தடவை என் மனைவி பிடிவாதமாகக் காரில் ஏற்றிக்கொண்டதால் வந்தார்.

படகு திரும்பிக் கரைக்கு வந்ததும் எல்லோரும் இறங்கினோம். அத்தை இறங்கவில்லை. பையனையும் பிடித்துப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, "இன்னொரு சுத்து போலாம்ப்பா," என்றார். புது டிக்கெட் எடுக்கணும் என்றார்கள். மாமா போய் எடுத்துவந்தார். தானும் ஏறி, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டின கயிற்றை அவிழ்ப்பதற்குள் ஆரம்பித்தார்: "ஜனவரியில வந்திருந்தா..."

"வந்திருந்தா?" என்றார் அத்தை, திரும்பாமல். "அப்பவும் நீங்கதான பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே வருவீங்க."